புகை அடங்கின பிறகு என்ன மிச்சம்? புகைமணப் பைப் புகையிலையை ருசித்து எடைபோடும் முறை

முதன்முதலாக லடாக்கியா என்கிற புகைமணப் பைப் புகையிலை டின் ஒன்றைத் திறந்த அன்று, உள்ளறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, எங்கேயோ ஒயர் கருகுற வாசனை வருதே, மெயின் ஆஃப் பண்ணுங்க." நான் மெயினை ஆஃப் செய்யவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. கருகின ரப்பர், தார், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் பழைய மரக்கட்டை எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன டின்னிலிருந்து கிளம்பி வந்தன. அன்று குறிப்பேட்டில் நான் எழுதியது ஒரே வரி: "ரொம்பப் புகை." அடுத்த ஆறு மாதம் எந்தக் கலவையைப் பிடித்தாலும் இதே வரியைத்தான் வேறு வேறு சொற்களில் எழுதிக்கொண்டிருந்தேன்.

புகைமணம் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவனைப் போல. அவன் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் பேசுவது காதில் விழாது. சுட்ட கத்தரிக்காய் கொத்சை நினைத்துப் பாருங்கள். சுட்ட மணம் இல்லாவிட்டால் அது கொத்சு இல்லை. சுட்ட மணம் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் அது கொத்சு இல்லை, கருகின கத்தரிக்காய். புளி எங்கே, வெங்காயத்தின் இனிப்பு எங்கே, காரம் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று தேடுகிறவர்தான் கொத்சுக்கு மார்க் போட முடியும். புகைமணப் புகையிலையும் அப்படியே. புகை எவ்வளவு என்று அளப்பதற்குத் திறமை வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு முறை வேண்டும்.

தொடங்குமுன் ஒன்று. பைப் புகையை நுரையீரலுக்கு இழுப்பதில்லை, வாயில் வைத்து விட்டுவிடுகிறோம். அதனால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. வாய்ப் புற்றுநோய் உள்பட எல்லா அபாயமும் இதிலும் உண்டு, நிக்கோட்டின் பழக்கமும் உண்டு. புகைக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பதே குற்றம். ஏற்கெனவே பைப் பிடிக்கிறவர்கள் குறைவாகவும் கவனமாகவும் பிடிக்க இது உதவும் என்றால் சரி. இன்னொன்று, பைப்புக்கு நல்ல தமிழ்ச் சொல் சுங்கான். ஆனால் கடையிலும் நண்பர்களிடமும் நான் சொல்வது பைப்தான், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் புகை?

பைப் புகையிலையில் புகைமணம் இரண்டு வழியில் வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துத் தெரியாமல் எந்தக் கலவையையும் எடைபோட முடியாது.

ஒன்று லடாக்கியா. சிரியாவின் மத்தியதரைக் கடற்கரைத் துறைமுகத்தின் பெயர் அது. சிறிய இலைகள் கொண்ட கீழைநாட்டு ரகப் புகையிலையை முதலில் வெயிலில் காயவைத்து, பிறகு மூடிய கொட்டகையில் வாரக்கணக்கில் விறகுப் புகையில் தொங்கவிடுவார்கள். இலை கருப்பாகி, பிசுபிசுப்பு ஏறி, பார்க்கவே கரி மாதிரி ஆகிவிடும். சிரியாவில் உற்பத்தி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. விறகுக்காகக் காடு அழிந்ததுதான் காரணம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. இன்று டின்களில் இருப்பது பெரும்பாலும் சைப்ரஸ் தீவுப் பாணி லடாக்கியா. அங்கே புகைமூட்ட மாஸ்டிக், மிர்டில், பைன், தீவின் பெயரைப் போலவே ஒலிக்கும் சைப்ரஸ் மரம் போன்ற பிசின் நிறைந்த செடிகளையும் மரங்களையும் பயன்படுத்தினார்கள். பிசின் எரிந்த புகை என்பதால்தான் லடாக்கியாவில் சாம்பிராணி வாடை அடிக்கிறது. சாம்பிராணியும் மரப்பிசின்தானே.

இன்னொன்று டார்க் ஃபயர்டு கென்டக்கி. அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி மாநிலங்களில், கொட்டகையின் தரையிலேயே ஹிக்கரி, ஓக் போன்ற கடின மரத்துண்டுகளை அடுக்கி, மேலே மரத்தூள் தூவி, தணலாகப் புகையவிட்டு இலையைப் பதப்படுத்துவார்கள். இதில் பிசின் வாடை கிடையாது. அடுப்பு, சுட்ட இறைச்சி, கொஞ்சம் புளிப்பு, கூடவே நல்ல பலமான நிக்கோட்டின். லடாக்கியா பார்க்கப் பயமாக இருந்தாலும் நிக்கோட்டினில் சாது. கென்டக்கி அப்படியில்லை, வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றி, வியர்த்து, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ விடாது. அப்படி ஆனால் பைப்பைக் கீழே வைத்துவிட்டு வாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொள்வது பைப்காரர்களின் பழைய கைவைத்தியம்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பதற்காக நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: லடாக்கியா பூஜையறைப் புகை, கென்டக்கி சமையலறைப் புகை. டின்னை மோந்ததும் இரண்டில் எது என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இலையைப் புகையில் பதப்படுத்துவது நமக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் பனை ஊமலும் மூட்டிப் புகை போடும் வழக்கம் உண்டு. அது சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் போகிற இலை, பைப்புக்கு அல்ல. ஆனால் அந்த மணத்தோடு வளர்ந்த மூக்குக்கு லடாக்கியா அவ்வளவு அந்நியமாக இருக்காது.

புகைக்குக் கீழே இருப்பவர்கள்

ஒரு கலவையில் லடாக்கியா தனியாக வருவதே இல்லை. தனியாகப் பிடித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்: தட்டையாக, வெறும் சாம்பல் மாதிரி இருக்கும். அதற்கு உடம்பு கொடுப்பது வர்ஜீனியா. சூடான காற்றில் உலர்த்திய, சர்க்கரைச் சத்து நிறைந்த இலை. மஞ்சளாக இருந்தால் வைக்கோலும் எலுமிச்சையும், சிவப்பாக இருந்தால் ரொட்டியும் உலர்ந்த பழமும் போல மணக்கும். அடுத்து ஓரியண்டல்: இஸ்மிர், சாம்சுன், சாந்தி என்று ஊர்ப்பெயராலேயே அறியப்படும் துருக்கி, கிரேக்கப் பகுதிச் சிற்றிலைகள். காய்ந்த மூலிகை, லேசான புளிப்பு, கொஞ்சம் தோல் பை வாசனை. சில கலவைகளில் பெரிக் இருக்கும். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் விஸ்கிப் பீப்பாய்களில் இலையை அழுத்தி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. மிளகும் ஊறின திராட்சையும் கலந்தாற்போல் மூக்கைக் குத்தும்.

லடாக்கியா, வர்ஜீனியா, ஓரியண்டல் மூன்றும் சேர்ந்ததை இங்கிலீஷ் மிக்ஸ்சர் என்பார்கள். பிரிட்டனில் நெடுங்காலம் புகையிலையில் வாசனைச் சேர்மானங்களைச் சட்டம் இறுக்கிப் பிடித்திருந்தது. அதனால் இலையை வைத்தே மணத்தைக் கொண்டுவர வேண்டிய கட்டாயம். ஓரியண்டல் கை ஓங்கியிருந்தால் பால்கன், கேவண்டிஷ் (ஆவியும் அழுத்தமும் கொடுத்து மெத்தென்று ஆக்கிய இலை) சேர்த்து மென்மையாக்கினால் ஸ்காட்டிஷ் என்பது பொதுவான பேச்சு. இந்தப் பெயர்களுக்கு யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. டின்னில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை வைத்து மார்க் போடாதீர்கள்.

மூன்று டின் போதும்

ஒரு டின்னை மட்டும் வைத்து ருசி பழக முடியாது. முப்பது டின் வாங்கினாலும் பழக முடியாது. நான் சிபாரிசு செய்வது மூன்று: எர்லி மார்னிங் பைப், மை மிக்ஸ்சர் 965, நைட்கேப். மூன்றும் ஒரே குடும்பம். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-ல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தபோது, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கலந்து கொடுத்து, அந்தச் செய்முறையை எண்போட்டு ஒரு பேரேட்டில் பதிந்து வைத்தார்கள். 965 அப்படிப் பதிந்த ஓர் எண். 2018-ல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவது நின்றது. பிறகு அதே கலவைகள் பீட்டர்சன் என்ற இன்னொரு பைப் நிறுவனத்தின் பெயரில் வரத் தொடங்கின.

இந்த மூன்றில் என்ன விசேஷம் என்றால், படி ஏறுவது போல வரிசையாக இருக்கின்றன. எர்லி மார்னிங் பைப்பில் புகை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், ஓரியண்டலும் வர்ஜீனியாவும்தான் ஆட்சி. 965-ல் கேவண்டிஷ் சேர்ந்திருப்பதால் புகையின் முனை மழுங்கி, பால் ஊற்றின மாதிரி இருக்கும். நைட்கேப்பில் லடாக்கியா அதிகம், பெரிக்கும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சரிப்படும். மூன்றையும் ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பிடித்தால், புகை ஒரு பங்கு கூடும்போது எது முதலில் மறைகிறது என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் முதலில் மறைவது ஓரியண்டல். வர்ஜீனியாவின் இனிப்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை

இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக் கொடுத்தது. நெருப்பே தேவையில்லை என்பது கூடுதல் லாபம்.

டின்னைத் திறந்தவுடன் மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். ஒரு முழம் தள்ளி வைத்து, மூடியை அசைத்து வரும் காற்றை மோந்து பாருங்கள். முதலில் வருவது புகை. பத்து எண்ணிவிட்டு மறுபடி மோந்தால் அதற்குப் பின்னால் ஒரு புளிப்போ இனிப்போ வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, பல்குத்தும் குச்சியால் விலக்கிப் பாருங்கள். கன்னங்கரேலென்று, கொஞ்சம் சுருண்டு, வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிவது லடாக்கியா. எலுமிச்சை மஞ்சளிலிருந்து செங்கல் நிறம்வரை வர்ஜீனியா. பச்சை கலந்த பழுப்பில் சன்னமாக இருப்பவை பெரும்பாலும் ஓரியண்டல். ஆனால் கேவண்டிஷும் கருப்பாக வரும், ஏமாந்துவிடாதீர்கள்: அது பளபளப்பாக, அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தனியே மோந்தால் புகை இருக்காது.

கருப்பைத் தனியாக ஒரு குவியல், மஞ்சளைத் தனியாக ஒரு குவியல் சேருங்கள். கால் மணி நேர வேலை. நான் முதல்முறை நைட்கேப்பை இப்படிப் பிரித்து மஞ்சள் குவியலை மோந்தபோது ஆச்சரியப்பட்டேன். அதுவும் புகையாகத்தான் மணந்தது. டின்னுக்குள் மாதக்கணக்கில் ஒன்றாகக் கிடந்ததில் லடாக்கியா தன் மணத்தை எல்லோருக்கும் பூசிவிட்டிருந்தது. அந்த மஞ்சள் இலையைக் காற்றாட அரை மணி நேரம் விட்டு மறுபடி மோந்தேன். புகை பாதி போய், காய்ந்த வைக்கோல் வந்தது. அன்றுதான் "ரொம்பப் புகை" என்ற வரிக்கு அடுத்த வரியை எழுதினேன்.

ஈரம் பார்ப்பது

விரல்நுனியில் ஒரு சிட்டிகையை அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெதுவாகப் பிரிந்து பழைய நிலைக்கு வந்தால் சரி. கையில் தொட்டால் காய்ந்தது போலவும் அழுத்தினால் சத்தம் வராமலும் இருக்க வேண்டும். லடாக்கியாவைக் கருவாடாக்க வேண்டியதில்லை. கூட இருக்கும் வர்ஜீனியாவுக்காகத்தான் உலர்த்துகிறோம். சென்னையில் மே மாதம் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் போதும். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தாலும் எடுத்ததைவிட ஈரமாகத்தான் திரும்ப வரும். அந்த நாட்களில் ருசி பார்ப்பதையே ஒத்திப்போடலாம்.

பைப் பொய் சொல்லும்

ஒயின் கிளாஸைக் கழுவிவிடலாம், பைப்பை அப்படிக் கழுவ முடியாது. பிரையர் என்கிற மரவேரில் செய்த பைப், தான் பிடித்த புகையை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வெனிலா வாசனைப் புகையிலை பிடித்த பைப்பில் இங்கிலீஷ் மிக்ஸ்சரை நிரப்பினால் ரசத்தில் ஐஸ்கிரீம் விழுந்தது போல இருக்கும். நான் அப்படி ஒரு நல்ல கலவையை "செயற்கை இனிப்பு, ஏமாற்று" என்று எழுதி ஒரு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். குற்றம் கலவையினுடையது இல்லை, என் பைப்பினுடையது.

அதனால் லடாக்கியாவுக்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுங்கள். கென்டக்கிக்கு இன்னொன்று முடிந்தால் நல்லது. புதுக் கலவையை முதல்முறை ருசிக்க மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப்தான் என் தேர்வு. மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் ஊரில் மிசௌரி மீர்ஷாம் நிறுவனம் 1869 முதல் இதைச் செய்து வருகிறது. விலை குறைவு, முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளும். இன்னும் சுத்தமாகத் தெரிய வேண்டுமானால் களிமண் பைப். சூடு கையைச் சுடும், ஆனால் தன் பங்குக்கு எந்த ருசியையும் சேர்க்காது. புகையிலை அடைக்கும் கிண்ணம் கொஞ்சம் அகலமாக இருந்தால் கலவையின் எல்லா இலையும் ஒரே நேரத்தில் எரிகிற வாய்ப்பு அதிகம். உள்ளே படியும் கரிப்படலம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிடுங்கள்.

அடைப்பதும் பற்றவைப்பதும்

பழைய பைப்காரர்கள் சொல்வது: முதல் மூன்றில் ஒரு பங்கை குழந்தைக் கையால் அழுத்து, அடுத்ததைப் பெண் கையால், மேலே உள்ளதை ஆண் கையால். என் மனைவியின் கைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, என்றாலும் பொருள் விளங்கும். அடைத்த பிறகு பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற அளவு லேசான தடை இருக்க வேண்டும். லஸ்ஸி உறிஞ்சுவது போலத் தோன்றினால் கொட்டிவிட்டு மறுபடி அடைப்பதுதான் ஒரே வழி. பற்றவைக்காத இந்த இழுப்பிலும் ருசி உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓரியண்டலின் புளிப்பு இங்கேதான் எனக்கு மிகத் தெளிவாகக் கிடைக்கும்.

தீக்குச்சியென்றால் மருந்து முழுக்க எரிந்து முடியும்வரை காத்திருந்து பிறகு கிட்டே கொண்டுபோங்கள். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை முதல் பத்து இழுப்பைக் கெடுத்துவிடும். முதல் தடவை பற்றவைத்தால் மேலே உள்ள இலை நெளிந்து எழும்பும். டாம்பர் என்கிற அமுக்குக் கட்டையால் மெதுவாக அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை பற்றவையுங்கள். இதுதான் உண்மையான தொடக்கம். அணைந்தால் அவமானம் ஒன்றும் இல்லை. அணையவே கூடாது என்று வேகமாக இழுப்பதைவிட மூன்று முறை அணைந்து மூன்று முறை பற்றவைப்பது மேல்.

முதல் பத்து நிமிடம் தீர்ப்பு வேண்டாம்

இதுதான் முக்கியமான படி. மற்றதெல்லாம் இதற்கு முன்னேற்பாடு.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாற்றில் வரும் அந்தச் சுவை, அவ்வளவுதான். சாம்பிராணி, தோல், வைக்கோல் எல்லாம் மூக்கின் வேலை. அதனால் புகையை வாயில் வைத்து, நுரையீரலுக்குப் போகவிடாமல், கொஞ்சத்தை மட்டும் மூக்குவழியாக வெளியே விட வேண்டும். வாயை மூடி, விழுங்குவது போல நாக்கை உயர்த்தி, ஒரு சின்ன மூச்சை வெளியே தள்ளினால் அது தானாக மூக்குக்கு ஏறும். எல்லா இழுப்புக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். கென்டக்கியிலும் பெரிக்கிலும் இன்னும் குறைவாக, இல்லையென்றால் தும்மித் தீர்ப்பீர்கள்.

இப்போது மூக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால், கிரெசால் போன்ற பீனால் வகைச் சேர்மங்கள் பிறக்கின்றன. "புகை" என்று நாம் பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். மாசிக் கருவாட்டிலும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியிலும் இருப்பது இதே குடும்பம். மூக்கு மிகக் கொஞ்சம் இருந்தாலே இவற்றைப் பிடித்துவிடும். ஆனால் ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதைக் கணக்கில் எடுப்பதை மூக்கு விட்டுவிடும். மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது இருந்த வாடை விலை பேசி முடிக்கும்போது தெரியாமல் போகிறதே, அதுதான்.

பைப்பிலும் அதே நடக்கிறது. முதல் பத்து நிமிடம் லடாக்கியா மட்டுமே பேசும். பிறகு மூக்குக்கு அது பழகி, பின்னால் நின்றவர்கள் முன்னே வருவார்கள். பலர் முதல் ஐந்து இழுப்பிலேயே "அடேயப்பா, என்ன புகை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அவர்கள் எடைபோட்டது கலவையை அல்ல, தங்கள் மூக்கு இன்னும் பழகாததை.

கிண்ணத்தை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேல்பகுதியில் புகையின் ரகம் எது, உறுத்துகிறதா, உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடுப்பகுதியில்தான் கேள்விகள்: வர்ஜீனியாவின் இனிப்பு வந்ததா? ஓரியண்டலின் புளிப்பு ஏதாவது ஓர் இழுப்பிலாவது தலைகாட்டியதா? ஒரே ருசி தட்டையாகப் போகிறதா, இழுப்புக்கு இழுப்பு மாறுகிறதா? எனக்கு நல்ல கலவை என்றால் நடுவில் குறைந்தது இரண்டு முறையாவது "இது என்ன" என்று நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் ஈரமும் நிக்கோட்டினும் சேர்ந்து எல்லாக் கலவையும் கொஞ்சம் கரடுமுரடாகும். அங்கே கசப்பு வந்தால் ஒன்றிரண்டு மார்க் குறையுங்கள், அதற்காக மொத்தத்தையும் தள்ளாதீர்கள். சாம்பல் ருசி வந்ததும் நிறுத்திவிடலாம். கடைசித் துணுக்குவரை எரித்து முடிப்பது வீரம் இல்லை.

கூடக் குடிக்கத் தண்ணீரும், பால் இல்லாத தேநீரும் போதும். காப்பி வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் டிகாக்ஷன் ஓரியண்டலை விழுங்கிவிடுகிறது. ருசி பார்க்கிற நாளில் மட்டுமாவது தள்ளி வையுங்கள்.

எந்தச் சொல்லில் எழுதுவது?

வெளிநாட்டு விமர்சனங்களில் வருகிற சொற்களை அப்படியே எடுத்து எழுதி நானும் கொஞ்ச நாள் ஓட்டினேன். கேம்ப்ஃபயர், சேடில் லெதர் என்று. நான் குதிரையில் ஏறினதே இல்லை, சேணம் எப்படி மணக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மூக்கு உண்மையில் எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்தின் பெயரை எழுதுங்கள். என் குறிப்பேட்டில் இப்போது இருப்பவை: வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, செருப்புத் தைக்கிறவர் பெட்டி, மரப்பட்டறைத் தூள், சுட்ட கத்தரிக்காய்த் தோல், மாசிக் கருவாடு, வைக்கோல்போர், கருப்பட்டி, ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாடை, பழைய புளி. பத்துச் சொல்லுக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்குப் புரிகிறது, அது போதும்.

குறையை யார் தலையில் கட்டுவது

நாக்கு எரிந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல் இருக்கட்டும். வேகமாக இழுத்தால் சூடு, ஈரமாக இருந்தால் நீராவி, இரண்டும் நாக்கைப் பொசுக்கும். அடுத்த முறை நன்றாக உலர்த்தி, பாதி வேகத்தில் பிடித்துப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் கலவையில் இருக்கும் இளம் வர்ஜீனியாவைச் சந்தேகிக்கலாம். லடாக்கியா பொதுவாக நாக்குக்கு மென்மையானது. குழாயில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் வந்தால் அதுவும் ஈரம், அல்லது அடைத்தது சரியில்லை. பைப் கிளீனரை உள்ளே விட்டெடுத்தால் தீரும். கலவைக்கு மார்க் குறைக்காதீர்கள்.

கலவையின் சொந்தக் குறைகள் வேறு. நடுப்பகுதிவரை காத்திருந்தும் புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றால், இலைக்கு இடமே கொடுக்காமல் லடாக்கியாவைக் கொட்டியிருக்கிறார்கள். லடாக்கியா முக்கால்வாசி இருக்கிற கலவைகளும் உண்டு, அதையே விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் என்னிடம் மார்க் வராது. மேலே ஒரு வாசனைத் திரவம் தெளித்து, பத்தாவது நிமிடத்தில் அது போனதும் கீழே வெறும் காகிதம் எரிகிற ருசி மிஞ்சினால் அதுவும் குறைதான். சோப்பு, ரோஜா போல மணந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். வட இங்கிலாந்தின் ஏரிமாவட்டப் பாணி அது. 1792-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் சாமுவேல் கவித் என்ற பழைய புகையிலைப் பெயர் அங்குள்ள கெண்டல் நகரைச் சேர்ந்தது. அந்த ஊர்ப் பூவாசனை சிலருக்கு உயிர், சிலருக்கு வாந்தி. பாணி பிடிக்காதது வேறு, பண்டம் மோசமாக இருப்பது வேறு.

டின்னைத் திறந்ததும் இலைமேல் வெள்ளையாகத் தெரிந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். மினுங்கும் பரல்களாக இருந்தால் பயம் இல்லை, பழசாகும் வர்ஜீனியாவில் அப்படிப் பூக்கும். பஞ்சு மாதிரி நூல்நூலாக, பூசணம் பிடித்த ரொட்டி வாடையோடு இருந்தால் குப்பைத்தொட்டிதான். அதை ருசித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மூன்று முறை, ஒரு முறை கண்ணை மறைத்து

ஒரே தடவை பிடித்துவிட்டு மார்க் போடாதீர்கள். குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நாளில். சளி இருக்கும் நாள் கணக்கில் சேராது. காரக்குழம்பு சாப்பிட்ட மதியமும் அப்படித்தான். நான் பார்ப்பது நான்கு: டின்மணம், நடுப்பகுதி, நாக்கின் நிம்மதி, பிடித்து முடித்து அரை மணி கழித்து வாயில் மிஞ்சும் ருசி. நடுப்பகுதிக்கு மட்டும் மற்ற மூன்றும் சேர்ந்த அளவு மார்க். கடைசி மிச்ச ருசிக்கு மார்க் கொடுப்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த அரை மணி கழித்து வாயில் இருப்பது வெறும் கரியா, லேசான இனிப்பா என்பது எனக்கு நிறையச் சொல்லிவிடுகிறது.

ஒருமுறை நண்பர் ஒருவரிடம் மூன்று கண்ணாடிப் புட்டிகளைக் கொடுத்து, பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டித் தரச் சொன்னேன். ஒரு வாரம் பிடித்து மார்க் போட்டேன். முதலாவதுக்கு எட்டு, "முதிர்ந்த ஓரியண்டல், நிதானம்." மூன்றாவதுக்கு ஐந்து, "பச்சைத்தனம்." நண்பர் சிரித்துக்கொண்டே, "ஒன்னும் மூணும் ஒரே டின் சார்" என்றார். முதலாவதை இரவில் சாவகாசமாகப் பிடித்திருந்தேன், மூன்றாவதை ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில். அந்த மூன்று மார்க் வித்தியாசம் முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு எந்த நேரத்தில், எந்த மனநிலையில் பிடித்தேன் என்று ஒரு வரி சேர்த்தே எழுதுகிறேன். மார்க்கில் அரைப் புள்ளி வைப்பதையும் விட்டுவிட்டேன்.

மிச்சத்தை வைப்பது

திறந்த டின்னை அப்படியே விடாதீர்கள். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். புட்டியின் ரப்பர் வளையம் லடாக்கியா வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதை வேறு புகையிலைக்கு மாற்றிப் போட வேண்டாம். ஊறுகாய்க்குப் போடவே வேண்டாம், எங்கள் வீட்டில் அது நடந்தது. வருடம் போகப் போக வர்ஜீனியா இனிக்கும், லடாக்கியாவின் முரட்டுத்தனம் தேய்ந்துகொண்டே வரும். புகைக்காகவே வாங்கினீர்கள் என்றால் சீக்கிரம் பிடித்துவிடுங்கள். அடியில் இருப்பது பிடித்திருந்தால் பாதியை மூடி, மேலே தேதி எழுதி வையுங்கள்.

நான் அப்படி மூடிய ஒரு நைட்கேப் புட்டியை நாலு வருடம் கழித்துப் போன மார்கழியில் திறந்தேன். உள்ளறையிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து கதவோரம் நின்று, "சாம்பிராணி போட்டீங்களா?" என்றாள்.